பாச்சாட் வந்த விடுமுறை

முதலில் குரலைத்தான் கேட்டேன். ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையில், ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் என்னும் குடியிருப்பு வீடுகள். கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால், ஓடையை ஒட்டி, யாரும் கை வைக்காமல் விட்டுப்போன பால்மரங்கள் கொஞ்சம் நிற்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே நின்றபோது, இரண்டிரண்டாக விசில் அடிப்பது போல ஒரு கூவல். வீட்டுக்கு வந்து பறவைக் குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். நீலச் சிறகு பிட்டா. மலாய்க்காரர்கள் பூரோங் பாச்சாட் என்பார்கள். பூரோங் என்றால் பறவை, பாச்சாட் என்றால் அட்டை. அட்டை ஊரும் ஈரத் தரையில்தான் அதுவும் இரை தேடும்.

எங்கள் ஊரில் பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் எழுதினேன். குழுவை நடத்துபவர் பத்து காஜாவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அந்த இடத்தில் பாச்சாட் இருக்க வாய்ப்பு குறைவு, படம் எடுக்க வந்த யாராவது கைத்தொலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டிருப்பார்கள், படம் இருந்தால் போடுங்கள் என்று மரியாதையாகத்தான் பதில் எழுதினார். கீழே பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். நான் வேலை செய்யும் பல் கிளினிக்கின் கவுண்டரில் உட்கார்ந்து, அந்தப் பதினோரு விரல்களையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் திங்கட்கிழமையும் பொது விடுமுறையாக அமைந்தது. சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டேன். வாசலில் என் கணவர் கைத்தடியோடு நின்றார். முப்பது வருடம் ஈப்போவுக்கும் லூமுட்டுக்கும் லோரி ஓட்டியவர். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மாதமாக வீட்டில்தான் இருந்தார். தொலைக்காட்சியோடு சண்டை போட்டு முடித்து, என்னோடு ஆரம்பித்திருந்தார்.

"நானும் வாரேன். வீட்டுல இருந்தா பைத்தியம் புடிச்சுரும்லா."

எனக்கு இஷ்டமில்லை. இருமுவார், போன் அடிக்கும், பறவை பறந்துவிடும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வரவில்லை. மடக்கு நாற்காலியையும் ஒரு ஃபிளாஸ்க் கோப்பியையும் காரில் வைத்தேன்.

பால்மரங்களின் ஓரத்தில், தரை சமமாக இருந்த இடத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு ஓடைக்கரையோடு நடந்தேன். கூவல் ஒருமுறை இடப்பக்கம் கேட்டது. அங்கே போனால் வலப்பக்கம் கேட்டது. ஒரு மீன்கொத்தியும் ஒரு மரங்கொத்தியும் கிடைத்தன. மற்றபடி கொசுக்கடியும் காலில் இரண்டு அட்டைகளும்தான். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். அவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு குருவி வந்துச்சு," என்றார். "கோழிக்குஞ்சு மாதிரி தரையில குதிச்சுக் குதிச்சுப் போச்சு. வாலே இல்ல."

மைனாவாக இருக்கும் என்றேன். மைனா தனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னார்: சிறகு நல்ல நீலம், நெஞ்சு மஞ்சள் மாதிரி, வயிற்றுக்குக் கீழே சிவப்பு, கண்ணோடு சேர்ந்து கறுப்புப் பட்டை.

"போட்டோ எடுத்தீங்களா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. சார் என்னிடம் கேட்ட அதே கேள்வி. என் கணவர் கோப்பியை ஊதினார். நாற்காலியை மடக்கிக்கொண்டு காருக்கு வந்தோம். கதவைத் திறந்துவிடும்போது, நீங்கள் பார்த்தது பாச்சாட்தான், நான் நம்புகிறேன் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கோழிப் பிரட்டலும் ரசமும் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு அவர் முழங்கால் பயிற்சி செய்ய, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் போர்ச்சில் தொங்கும் பூச்சட்டியில் சின்னான் குருவி கூடு கட்டியிருந்தது. தாயும் தகப்பனும் மழையில் மாறி மாறிப் பறந்தன. காலை நீட்டி மடக்கிக்கொண்டே அவர் பைனாகுலரைக் கேட்டு வாங்கினார். பிறகு அதன் ஒரு கண்ணில் கைத்தொலைபேசியின் கேமராவை ஒட்டிவைத்து எதையோ செய்துபார்த்தார். அரைமணி நேரத்தில் கூட்டிலிருந்த குஞ்சின் திறந்த வாய் திரை முழுக்கத் தெரிந்தது. லோரி இன்ஜினுக்குள் கைவிட்டுப் பழகிய விரல்கள் அவருடையவை, அசையவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாற்காலிகள் கொண்டுபோனோம். நடக்காமல் உட்கார்ந்திருப்பது எனக்குச் சிரமமாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் என் முழங்கையைத் தொட்டு, "சபார்லா," என்றார், பொறுமையாக இரு என்று. பாலம் திறக்கவும் படகு வரவும் லோரிக்குள் மணிக்கணக்காகக் காத்திருந்தவருக்கு அது பெரிய காரியமில்லை.

வெயில் இலைகளுக்குள் இறங்கத் தொடங்கியபோது சருகு அசைந்தது. புதருக்குள்ளிருந்து இரண்டு குதி குதித்து அது வெளியே வந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். பறவை பார்க்கத் தொடங்கிய மூன்று வருடத்தில் நான் பார்த்தேயிராத பறவை. கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் கைத்தொலைபேசியை ஒட்டிவைத்தார். நான் வெறும் கண்ணால் பார்த்தேன். அதுவே போதுமாக இருந்தது. அந்த நீலத்தை அந்தத் தூரத்திலும் கண் தவறவிடாது.

எடுத்த நாற்பது படங்களில் முப்பத்தொன்பது கலங்கல். ஒன்று, வாயில் புழுவோடு, கண் மின்ன, தெளிவாக விழுந்திருந்தது. அங்கேயே, காரில் ஏறுவதற்கு முன், குழுவில் போட்டேன். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை.

சாயங்காலம் சார் போனில் கூப்பிட்டார். முதலில் மன்னிப்புக் கேட்டார். நாளைக்கு வரலாமா என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை, தோளில் மூன்றுகால் ஸ்டாண்டும் கை நீளத்துக்கு லென்ஸுமாக வந்து இறங்கினார். என் கணவர் எழுந்து நின்று கைகுலுக்கி, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையைக் காட்டினார். நாற்பது வருடம் வகுப்பில் பிள்ளைகளை உட்காரச் சொன்ன மனிதர் சருகில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போய் அசைத்தார்.

"காலை ஆட்டாதீங்க சார்," என்றார் என் கணவர் மெதுவாக. "அதுவே வரும்."

வந்தது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. இரண்டின் வாயிலும் புழுக்கள். தின்னாமல் அள்ளிக்கொண்டு ஓடையை நோக்கிப் பறந்தன. பறக்கும்போது சிறகில் வெள்ளை பளிச்சென்றது. சார் லென்ஸிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. எடுத்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குஞ்சு இருக்கும்மா," என்றார். "இந்தப் பக்கத்துல கூடு வச்சு நான் பார்த்ததே இல்ல. யாரும் எழுதினதும் இல்ல."

கூட்டைத் தேடிப் போக வேண்டாம், கூடு இருப்பதைக் குழுவில் சொல்லவும் வேண்டாம் என்று மூவரும் முடிவு செய்தோம். பிறகு சார் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, பார்த்தவர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதட்டும் என்று கேட்டார்.

"இவ பேரை எழுதுங்க," என்றார் என் கணவர்.

இரண்டு பேரையும் எழுதச் சொன்னேன், என் கணவர் பெயரை முதலில். சார் எழுதி முடித்துத் திருப்பிக் காட்டினார். என் கணவர் அதை வாங்கி, தன் இனிஷியல் தவறாக இருக்கிறது என்று சொல்லி, சாரின் பேனாவாலேயே திருத்தினார்.