மதலேனம்மாளின் இரண்டாவது உயில்

"ஏன் சூசை, மருமவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டாத் தப்பொண்ணும் இல்லியே?"

1955இல் மதலேனம்மாள் கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. பள்ளி இறுதித் தேர்வை அப்போதுதான் முடித்திருந்தேன். "நம்மூட்டு ஆளுதானுங்களே பெரீம்மா, ஆரு கேக்கப் போறாங்க?" என்றேன்.

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் அவர் வீடு. பொள்ளாச்சிச் சாலையில் வரும் மாட்டுவண்டிகள் சாவடியில் மணிக்கணக்கில் நிற்கும். மாடுகள் பசியோடு நிற்பதைப் பார்த்து, விதவையான அதே வருஷம் வைக்கோலும் கிணற்றுத் தண்ணீரும் விற்கத் தொடங்கினார். வண்டிக்காரன் பெயரை மறந்தாலும் மாட்டின் பெயரை மறக்கமாட்டார். அந்த வருமானத்தில் மகன் ரத்தினசாமியைப் படிக்க வைத்தார். அவர் சூரியநெல்லி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாகி, கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்து போனார். கூடவே இருந்து வைக்கோல் சுமந்தவள் மகள் சவேரியம்மாள்.

மார்வலி வந்து படுத்ததும் மதலேனம்மாளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. உயில் இல்லாவிட்டால் வீடும் கிணறும் மகனுக்கே போய்விடும். கலியாணத்தில் நகை வாங்கிய மகளுக்கு எதுவும் இல்லை என்பதுதான் எங்கள் பக்கத்து முறை. அதனால் மகள் பேருக்கு உயில் எழுத என்னைக் கூப்பிட்டார். என் கையெழுத்து அழகாம்.

நான்கு பக்கம் எழுதினேன். பதினோரு 'மேற்படி'. வைக்கோல் போரைக்கூட 'மேற்படி போர்' ஆக்கினேன். படித்துக் காட்டியபோது, "எனக்கு ஒண்ணுமே வெளங்கலையே" என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். கோயில் உபதேசியார் ஒரு சாட்சி. இன்னொன்றுக்கு ஆள் தேட அலுத்துப்போய், சவேரியம்மாளின் கணவர் மரியஜோசப்பிடம் பேனாவைக் கொடுத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

மறுவாரம் உயிலைச் சித்தூருக்கு எடுத்துப் போய், ஆதாரம், அதாவது பத்திரம், எழுதும் குப்பண்ணனிடம் காட்டினேன். உண்மையைச் சொன்னால், வேலைக்குச் சேர்த்துக்கொள்வார் என்ற ஆசை. அவர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"இந்த மரியஜோசப்பு ஆரு தம்பி?"

"மருமகனுங்க. ரொம்ப நல்லவருங்க."

"நல்லவரு, செரி. பொண்டாட்டிக்கு எழுதற சொத்துக்குப் புருசன் சாட்சி போட்டா, உங்க கிறிஸ்தவங்க சட்டத்துல அது அவளுக்குச் சேராது. எழுத்து மணிமணியா இருக்குது. ஊட்டைத்தான் மகன் கையில குடுத்துப்போட்ட."

பஸ்ஸில் வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். அவர் பிழைக்க வேண்டும் என்பதைவிட, தப்பைத் திருத்தும் முன் செத்து என் மானத்தை வாங்கிவிடக் கூடாது என்றுதான் வேண்டினேன்.

கண் விழித்துத்தான் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே கேட்டனே சாமி?"

"கேட்டீங்க."

"தெரியலைன்னு சொன்னா மீசை மொளைக்காதா?"

"இன்னும் மொளைக்கலீங்களே, பெரீம்மா."

சவேரியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். "எழுது. இந்தவாட்டி எனக்கு வெளங்கறாப்பல எழுது" என்றார் மதலேனம்மாள்.

ஒரே பக்கம். வீட்டையும் கிணற்றையும் மகளுக்குக் கொடுக்கிறேன், முன்பு எழுதியது செல்லாது; அவ்வளவுதான். உபதேசியாரை மறுபடி அழைத்தோம். சாவடியில் வெல்லவண்டியோடு நின்ற பாலக்காட்டு வியாபாரி அலவியையும் கூப்பிட்டேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

"இதுல எனக்கு ஏதாச்சும் எழுதியிருக்கா?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"அப்பப் போடலாம்."

நான் படிக்காத சட்டம் அவருக்கு வியாபாரத்தில் தெரிந்திருந்தது. அவர்கள் கண் முன்னால் மதலேனம்மாள் கைநாட்டு வைக்க, இருவரும் சாட்சி போட்டார்கள்.

நாற்பது நாளில் இறந்துபோனார். ரத்தினசாமி ஒரு வக்கீலோடு வந்தார். வக்கீல் நேராகச் சாட்சிகளின் பெயரைப் பார்த்து, அவர்கள் யார் என்று விசாரித்தார். பிறகு, "வழக்குக்கு எடமில்லீங்க" என்று உயிலைச் சவேரியம்மாளிடமே கொடுத்தார்.

அதற்குப் பிறகும் அங்கே வைக்கோல் விற்றது அவள்தான். உங்கள் ஊரில் யாராவது உயில் எழுத உட்கார்ந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சிரிப்பதற்கு என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சாட்சி யார் என்பதை அவர்கள் கட்டாயம் கேட்கட்டும்.