கேட்டதும் கேட்காததும்

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. எங்கள் குடியிருப்பில் நான்காவது மாடியில் இருக்கும் லிஃப்ட்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கோ ஒரு கட்டடத்தில் யாரோ இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பார்கள். போன் வரும். "சரிங்க, இதோ வந்துட்டேங்க" என்பார். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்தச் "சரிங்க" அவர் நாக்கிலேயே குடியிருந்தது. மேலதிகாரி திட்டினாலும் சரிங்க, காய்கறிக்காரர் விலை சொன்னாலும் சரிங்க. "வீடு தீப்பிடிச்சிருச்சுன்னு சொன்னாலும் சரிங்கன்னுட்டு போனை வெச்சிருவாரு" என்று அவர் மனைவி எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அந்த அம்மாவுக்கு. ஒரே மகள், பதினாறு வயது. மொட்டை மாடிகளின் மேல் இருக்கும் மெஷின் ரூம்களில், ஓடும் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றே பாதி ஆயுசைக் கழித்ததால் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதை ஒப்புக்கொள்ள மாட்டார். சரியாகக் கேட்காத பேச்சுக்கெல்லாம் சரிங்க போட்டுச் சமாளிப்பார்.

நடந்ததை அவரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வார். பொய் சொல்கிற ஆளில்லை. அவருக்கே பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

மகளின் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பிறந்த நாள். ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் விருந்து. பையனின் அப்பா டைல்ஸ் கடை வைத்திருப்பவர், வசதியான மனிதர். "எல்லாரும் போறாங்கப்பா" என்று மகள் ஒரு வாரமாக அரித்தெடுத்தாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் மகளுக்கும் அழைப்பு வந்திருந்தது. அந்தப் பெண்ணை நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கட்டடமே வாலு என்றுதான் கூப்பிடும். இரண்டு பெண்களும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரித் திரிவார்கள்.

தையல்காரம்மா கணவனை இழந்தவர். மகளைத் தனி ஆளாக வளர்ப்பதால் எதற்கும் இரண்டு முறை யோசிப்பார். அவர் மேலே ஏறி வந்து கேட்டார்: "அண்ணே, அந்த வீட்டுப் பெரியவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன். நீங்க சரின்னா நானும் அனுப்புறேன்."

"பேசிடறேன்மா" என்றார் லிஃப்ட்காரர்.

அவர் பேசுவதற்குள் டைல்ஸ் கடைக்காரரே கூப்பிட்டுவிட்டார். சனிக்கிழமை காலை. லிஃப்ட்காரர் ஒரு அலுவலகக் கட்டடத்தின் மெஷின் ரூமில் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் மரியாதையாக இருந்தது. பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை, நானும் மனைவியும் வீட்டிலேயே இருப்போம் என்பதெல்லாம் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஏதோ கேள்வி மாதிரி வந்தது. "சரிங்க சார், சரிங்க" என்றார். அவர் சிரித்தார், இவரும் சிரித்தார். போன் வைக்கப்பட்டது.

சாயங்காலம் தையல்காரம்மா படிக்கட்டில் மறித்தார்.

"கேட்டீங்களாண்ணே?"

"கேட்டேன்மா. பெரியவங்க ரெண்டு பேரும் வீட்லயே இருப்பாங்களாம். தைரியமா அனுப்பு."

ஞாயிறு மதியம் இரண்டு பெண்களும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். வாலுவின் சட்டை அம்மா தைத்தது. இடுப்பைப் பிடித்தது போதாது என்று கிளம்பும்வரை சண்டை.

பொழுது சாயும் நேரத்தில் மகளிடமிருந்து போன் வந்தது. வீட்டில் சத்தமே இல்லாததால் இந்த முறை ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது.

"அப்பா, சீக்கிரம் வாங்க. வாலு எழுந்திருக்க மாட்டேங்குறா."

"எழுந்திருக்க மாட்டேங்குறாளா? தூங்குறாளா?"

"தெரியலப்பா. தூங்குற மாதிரி இல்ல. வாங்கப்பா."

டைல்ஸ் கடைக்காரர் வீட்டு வரவேற்பறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தார்கள். கண்ணாடிக் கோப்பைகள், பாதி வெட்டிய கேக், காலி பீர் பாட்டில்கள். லிஃப்ட்காரர் பாட்டில்களைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

உள்ளறையில் வாலு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முதுகுக்கு முட்டுக் கொடுத்தாற்போல் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். தரையில் வாந்தி. வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, "பயப்படாதீங்க, தூங்கி எழுந்தா சரியாயிடும். எலுமிச்சைச் சாறு போட்டு வெச்சிருக்கேன்" என்றார்.

லிஃப்ட்காரர் வாலுவின் கையைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. உதடு வெளிறியிருந்தது. மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வருவதற்குள் இவருக்கு மூச்சு நின்றுவிட்டது. கன்னத்தைத் தட்டினார். கண் பாதி திறந்து, யாரையும் பார்க்காமல் மூடிக்கொண்டது. வேறொன்றும் யோசிக்கவில்லை. வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். டைல்ஸ் கடைக்காரர்தான் மூன்று பேரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் "நான் ரெண்டு பீர்தாங்க குடுத்தேன், எல்லாருக்கும் சேர்த்து" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தாராம். இவர் பழக்கதோஷத்தில் அதற்கும் சரிங்க என்றாராம்.

மருத்துவமனையில், "பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்கள்.

"பெரியப்பா" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் என்றால் உள்ளே விடமாட்டார்களோ என்று பயந்திருக்கலாம்.

டாக்டர் வயதில் சின்னவர். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். பீர் மட்டுமில்லை, ஆரஞ்சுச் சாற்றில் வேறு ஏதோ காட்டமான சரக்கையும் கலந்து குடித்திருக்கிறாள் என்றார். "இந்த வயசு உடம்பு தாங்காது. தூங்கட்டும்னு கதவைச் சாத்திட்டுப் போறதுதான் பெரிய ஆபத்து. மயக்கத்துல வாந்தி எடுத்து மூச்சு அடைச்சிரும். யாரு ஒருக்களிச்சுப் படுக்க வெச்சது?"

லிஃப்ட்காரர் மகளைக் காட்டினார்.

"நல்ல வேளை" என்றுவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். அணைத்துக்கொள்ளலாமா என்று கை எழுந்தது. அப்போதுதான் அவள் வாயிலும் அந்த வாடை அடிப்பது தெரிந்தது.

"நீயுமா?"

"கொஞ்சம்தான்ப்பா."

"ஜூஸ்ல கலந்திருக்குன்னு தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். ஒரு பையன் தண்ணி பாட்டில்ல கொண்டு வந்தான்." அவள் அழத் தொடங்கினாள். "அந்த ஆன்ட்டி கதவைச் சாத்திட்டு வெளிய வரச் சொன்னாங்கப்பா. நான்தான் வரல."

உயர்ந்த கை தலையில் வைப்பதற்கா அறைவதற்கா என்று தெரியாமல் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையால் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மா அளவெடுக்கும் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்தே ஓடி வந்தார். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், நேரே டைல்ஸ் கடைக்காரரிடம் போனார்.

"சின்னப் பிள்ளைங்களுக்குக் குடிக்கக் குடுத்தீங்களா?"

"அம்மா, வெளியில போய்க் கண்ட இடத்துல குடிக்கறதுக்கு, நம்ம கண்ணு முன்னாடி ஒரு வாய் குடிக்கட்டும்னுதான்... ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் குடுத்தேன். இதோ, இவர்கிட்டயும் கேட்டேன். சரின்னாரே!"

எல்லோரும் லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள்.

"கேட்டேன்னு சொன்னீங்களேண்ணே" என்றார் தையல்காரம்மா மெதுவாக. "எதைக் கேட்டீங்க?"



வாலு பிழைத்துக்கொண்டாள். மறுநாள் கண் விழித்ததும் முதலில் சட்டை எங்கே என்று கேட்டாளாம். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்பதால் மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போயிருந்தது. விசாரணைக்கு எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அதற்கு முன்பே டைல்ஸ் கடைக்காரர் லிஃப்ட்காரர் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டார். முகம் இளைத்திருந்தது. "உங்ககிட்ட கேட்டது உண்மை. பசங்களுக்குக் கொஞ்சம் பீர் இருக்கும், பரவாயில்லையான்னு கேட்டேன். நீங்க சரின்னீங்க, சிரிச்சீங்க. அதைச் சொன்னா போதும். இல்லாததைச் சொல்லச் சொல்லல." பொய் சொல்பவர் குரல் மாதிரி அது இல்லை.

தையல்காரம்மா வரவில்லை. ஆனால் படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது, "நீங்க தெரிஞ்சு சரின்னு சொல்லியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அதுதான் அவரை இன்னும் வதைத்தது.

வீட்டில் அவர் மனைவி ஒரு யோசனை சொன்னார். அதே மெஷின் ரூமில், அதே மாதிரி மோட்டார் ஓடும்போது தான் போன் போட்டுப் பேசுவதாகவும், கேட்கிறதா பார்க்கலாம் என்றும். செய்தும் பார்த்தார்கள். கண்ணாடிக் கடையிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டு, "பசங்களுக்குக் கொஞ்சம் பீர் இருக்கும், பரவாயில்லையா?" என்றார்.

"நல்லாக் கேக்குது!" என்று கத்தினார் இவர்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும், அதான் கேக்குது. இருங்க, வேற ஏதாவது சொல்றேன்."

அடுத்து அவர் சொன்னது இவர் காதில் "கத்திரிக்காய் வாங்கணும்" என்று விழுந்தது. மனைவி சொன்னது, கடைக்கு வந்த ஒரு கிழவர் தப்பான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்பது. இருவரும் போனிலேயே சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், கேட்டதா கேட்கவில்லையா என்பது முன்பைவிடக் குழம்பிப்போயிருந்தது. அந்தச் சனிக்கிழமையை மனதில் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் இப்போது டைல்ஸ் கடைக்காரர் குரலில் "பீர்" என்ற சொல் தெளிவாகக் கேட்டது. அது அன்றைக்குக் கேட்டதா, இன்றைக்குச் சேர்ந்ததா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. பொறுமையானவர்தான். ஆனால் இவரிடம் அந்தப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"அவர் போன் பண்ணினாரா?"

"பண்ணினாருங்க."

"பீர் இருக்கும்னு சொன்னாரா?"

"சொல்லியிருப்பாருங்க. அவரு பொய் சொல்ற மாதிரி தெரியல."

"அப்போ உங்களுக்குக் கேட்டுச்சு."

"அது தெரியலீங்க."

"கேட்டுச்சா, கேக்கலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்!"

லிஃப்ட்காரர் ஒரு பக்கம் டைல்ஸ் கடைக்காரரைப் பார்த்தார். மறுபக்கம் தையல்காரம்மாவைப் பார்த்தார். அவர் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நானும் ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன்" என்றார். "கேட்டுச்சான்னு சத்தியமா தெரியல. ஆனா ஒண்ணு தெரியுது. அன்னைக்கு மோட்டாரே ஓடலைன்னாலும், நல்லாவே கேட்டிருந்தாலும், நான் சரிங்கன்னுதான் சொல்லியிருப்பேன். பெரிய வீட்டுக்காரரு, மரியாதையாக் கேக்குறாரு, நாம வேண்டாம்னா பட்டிக்காட்டான்னு நினைப்பாரேன்னு... என் பொண்ணுக்கு மட்டுமில்ல, இந்தம்மா பொண்ணுக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அவருக்கும் தெரியவில்லை போலும். தையல்காரம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

யார் என்ன சொன்னாலும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தது குற்றம்தான் என்று டைல்ஸ் கடைக்காரர் மேல் வழக்குப் பதிவாகி, அபராதத்தோடு முடிந்தது. பாட்டிலில் கொண்டு வந்த பையனின் பெற்றோர், தங்கள் பிள்ளைக்கு அப்படி ஒரு வஸ்து இருப்பதே தெரியாது என்று கடைசிவரை சாதித்தார்கள். டைல்ஸ் கடைக்காரர் லிஃப்ட்காரரோடு பேசுவதில்லை. தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைக்கிறார். தையல்காரம்மாவும் பல மாதங்கள் பேசவில்லை. பிறகு ஒருநாள், லிஃப்ட்காரருடைய கிழிந்த வேலைச் சட்டையை அவர் மனைவியிடம் தானாகக் கேட்டு வாங்கித் தைத்துக் கொடுத்தார். மன்னித்துவிட்டாரா என்று லிஃப்ட்காரர் என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பெண்கள் இருவரும் எப்போதும்போல் சேர்ந்துதான் போகிறார்கள், வருகிறார்கள். வாலு மட்டும் கொஞ்சம் அடக்கம். நாங்களும் அவளை அந்தப் பெயரால் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டோம்.

போன வாரம் அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து நின்றாள். தோழி ஒருத்தி வீட்டில் பிள்ளைகள் கூடுகிறார்களாம், போகட்டுமா என்றாள்.

லிஃப்ட்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். "பெரியவங்க யாரு இருப்பாங்க?" சொன்னாள். "குடிக்க என்ன குடுப்பாங்க?" சொன்னாள். "யாராவது பையில ஏதாவது கொண்டு வந்தா?" உடனே உங்களைக் கூப்பிடுவேன் என்றாள். "அந்த வீட்டு அம்மா நம்பர்?" அதையும் கொடுத்தாள். அவர் கூப்பிட்டார், சத்தமாகப் பேசினார், ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்தப் பக்கம் இருந்த அம்மாவுக்கு அலுத்தே போயிருக்கும்.

போனை வைத்தார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாகிவிட்டது. மகள் காத்துக்கொண்டு நின்றாள். அவர் நெற்றியைத் தேய்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"அம்மாவைக் கேளு" என்றார்.

சமையலறையிலிருந்து உடனே குரல் வந்தது: "அப்பாவைக் கேளு!"