கட்டிலுக்கு நடுவே ஜாக்கி

கூரை தட்டும் மனுஷருக்கு ஊரில் டொக்கு என்றுதான் பெயர். சட்டைப்பையில் சின்னச் சுத்தியல் ஒன்று எப்போதும் இருக்கும். பழைய கட்டடங்களைத் தட்டிக் கேட்பதுதான் பிழைப்பு. கணீரென்றால் கான்கிரீட் நலம். டொக்கென்றால் உள்ளே ஈரம் இறங்கி, கம்பி துருப்பிடித்து, ஊதிப்போய், மேலிருக்கும் கான்கிரீட்டை வெளியே நெட்டித் தள்ளுகிறது என்று அர்த்தம். என்றைக்காவது சோற்றுத்தட்டில் வந்து விழும். விருந்துக்குப் போன வீட்டிலும் இதைத் தட்டிச் சொல்லித் தொலைப்பார். அதனால் சொந்தக்காரர்கள் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

கொடுமை என்னவென்றால், அவருடைய வாடகை வீட்டுப் படுக்கையறைக் கூரையே டொக்கென்றது. கொத்திச் சரிசெய்ய வீட்டு ஓனர் விடவில்லை. துருக்கறை தெரியும்போதெல்லாம் வெள்ளையடித்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கே!" என்பார். டொக்கு என்ன செய்வார், பாவம்! திருகி உயர்த்தும் இரும்பு ஜாக்கி ஒன்றை இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நிறுத்திக் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேர். மனைவி அதன்மேல் துண்டு காயப்போட்டாள். கோபம் வந்தால் அதனோடுதான் பேசினாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் மதியம் பையைக் கட்டிக் கூடத்தில் வைத்துவிட்டாள்.

"முடிவாச் சொல்லிடுங்க. அது இருக்கணுமா, நான் இருக்கணுமா?"

"ஏம்மா, கூரை விழுந்தா?"

"விழட்டும்! நான் கட்டிக்கிட்டது உங்களையா, இந்த இரும்பையா?"

அவள் இல்லாத வீட்டில் கூரை நின்று என்ன பிரயோஜனம்? டொக்கு ஜாக்கியைத் திருகி இறக்கினார். கூரை அசையவில்லை. கட்டில்களை ஒட்டிப் போட்டார்.

"பாத்தீங்களா? ஒன்னும் ஆகல. சரியான பயந்தாங்கொள்ளி!" என்று முகமெல்லாம் சிரிப்பாக, பையிலிருந்த விரிப்பை எடுக்கக் கூடத்துக்குப் போனாள். டொக்கும் பின்னாலேயே போனார்.

தடாலென்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால், இரண்டு கட்டில்களும் நடுவில் முறிந்து கிடந்தன. கூரையின் நடுவில் வெள்ளையடித்த கான்கிரீட் பெயர்ந்துபோய், மேலே துருக்கம்பிகள் பல்லிளித்தன. "நான் அப்பவே சொன்னேன்ல" என்பது டொக்கின் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து சுத்தியலை உருவி, நாற்காலியில் ஏறிக் கூரையின் இந்த ஓரம் தட்டினாள். டொக். அந்த ஓரமும் டொக்.

"ரெண்டு ஓரமும்தாங்க மோசம்" என்றாள். "நடுவுல இனிமே விழ என்ன இருக்கு? இன்னொரு ஜாக்கி கொண்டாந்து, ஓரத்துக்கு ஒன்னா நிறுத்துங்க. நாம நடுவுல பாய் போட்டுப் படுத்துக்கலாம்."