ஹெராமாயாவின் பாதி வீடு

ஹெராமாயாவை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். நேபாளத்து பக்தபூரில் எங்கள் தெருவில் பூண்டு விற்கிறவள். அவளுக்கென்று இருந்தது பாதி வீடு. பாதி என்றால் மாடியோ கீழ்த்தளமோ இல்லை. அண்ணன் தம்பி பிரிந்தால் எங்கள் ஊரில் கூரையிலிருந்து தரைவரை நெடுக்காகத்தான் பிளப்போம். பிரிந்த அன்று அவள் புருஷன் நடுவே சுவர் எழுப்பினான். செதுக்கிய ஜன்னல்கூட இரண்டாயிற்று. அவன் செத்த பிறகும் தம்பி அசமரு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பூகம்பத்தில் தெருவே சரிந்தது. அந்த நாலு மாடிச் செங்கல் வீடு மட்டும் விரிசலோடு நின்றது. ஊரெல்லாம் கூடாரத்தில் கிடக்க, ஹெராமாயா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். "என்னை விட்டுட்டு எங்க போயிரும் இது?" என்பாள்.

அசமரு தன் பாதியை இடித்து சிமெண்டில் கட்ட என்னைக் கூப்பிட்டான். கொத்தனுக்கு வேலைதானே, போனேன்.

மூன்றாம் மாடியில் தரைப் பலகையைப் பெயர்த்தேன். அடேயப்பா! நாற்பது வருஷம் கரணை பிடித்தவன், வாயைப் பிளந்து நின்றேன். ஒரே மர உத்தரம், அவன் சுவரில் தொடங்கி அவள் சுவரில் முடிகிறது. சுவருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று உத்தரத்தைப் பூட்டிய மரமுளைகள், சில மட்டும் பிளந்திருந்தன. ஆணி கிடையாது. செங்கலுக்கு நடுவே வெறும் களிமண். பூமி ஆடியபோது உத்தரமும் சுவரும் சேர்ந்தே ஆடியிருக்கின்றன. விழுந்தது பிறகு வைத்த அந்த நடுச்சுவர் மட்டும்தான். கட்டினவன் மனுஷன்தானா? கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இதை அறுத்தா உங்க அண்ணி பக்கமும் சேர்ந்து உக்காந்துரும்" என்றேன்.

"அறுய்யா. என் பாதி, என் இஷ்டம்."

ஹெராமாயா நடுச்சுவர் இடிபாட்டைத் தாண்டி வந்தாள். அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

"சுவர் வச்சப்ப உங்க அண்ணனும் பத்து நாள் ரம்பத்தோட இதையே சுத்திச் சுத்தி வந்தாரு. கை வரலை. நீ பெரிய ஆம்பளை, அறு. முதல்ல மேல வந்து சாப்பிடு, சோறு ஆறுது."

எங்கள் வீடுகளில் அடுப்படி உச்சி மாடியில். வெளியாளை அங்கே ஏற்ற மாட்டோம். பதினெட்டு வருஷமாக அசமரு வெளியாள். அவன் உத்தரத்தையே பார்த்தான். செருப்பைக் கழற்றினான். ஏணியில் ஏறினான்.

நான் கீழே காத்திருந்தேன். நெடுநேரம் கழித்துக் கண் சிவந்து இறங்கி வந்தான்.

"கொத்தனாரே, முளை எத்தனை மாத்தணும்?"