மூடியைத் திருப்பிப் போடுகிறவர்கள்

விடுதி வரவேற்பு மேசையில் பேனாவை அவர் எப்போதும் திறந்துதான் நீட்டுவார். மூடியைக் கழற்றி, வருகைப் படிவத்தின் வலது ஓரத்தில், விருந்தினரின் கைக்கு எட்டும் தூரத்தில் தனியாக வைப்பார். பிறகு கணினித் திரையில் மும்முரமாக எதையோ தேடுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கடைக்கண்ணால் அந்த மூடியையே பார்த்திருப்பார். கையெழுத்துப் போட்டதும் சிலர் பேனாவை மேசைமேல் எறிவார்கள். அது உருண்டுபோய்க் கீழே விழும். சிலர் அது தங்கள் தகப்பன் வீட்டுச் சொத்து என்பதுபோல் சட்டைப் பையில் செருகிக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விடுவார்கள். இருபது பேரில் ஒருவர் மட்டும் மூடியைத் தேடி எடுத்து, 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்தி, பேனாவைப் படிவத்துக்கு இணையாகப் படுக்கவைத்து, "தேங்க்ஸ்ங்க" என்பார்.

அந்த ஒருவருக்குத்தான் இருநூற்றுப் பதினாலாம் அறை.

அறுபது ஊர்களில் கிளை பரப்பிய விடுதி அது. அறுபது ஊர்களிலும் ஒரே திரைச்சீலை, ஒரே மெத்தை, கட்டிலுக்கு மேல் ஒரே படகு ஓவியம். தலையணைமேல் சாக்லேட் வைக்கும் அளவுக்கு உயர்ந்த இடமுமல்ல, போர்வையைக் கேட்டு வாங்கும் அளவுக்குத் தாழ்ந்த இடமுமல்ல. அத்தனை அறைகளிலும் தனக்கென்று ஒரு குணம் இருந்தது இந்த ஊர்க் கிளையின் இருநூற்றுப் பதினாலுக்கு மட்டும்தான். மேல்தளங்களில் யார் குழாயைத் திறந்தாலும் அதன் சுவருக்குள்ளிருந்து யாரோ சுத்தியலால் தட்டுவார்கள். குளியலறைக் கதவைக் காலால் சற்றுத் தூக்கிக் கொடுத்தால்தான் சாத்தும். வெந்நீர் பதினோரு நிமிடம் வராது. வந்தால் கோழியை முக்கி இறகு பிடுங்கலாம்.

குழாய்க்காரர் நான்கு முறை வந்து பார்த்தார். நான்கு முறையும், "சுவரை உடைச்சாத்தான் சார்" என்றார். சுவரை உடைக்கத் தலைமை அலுவலகம் அனுமதிக்கவில்லை. விடுதி நிரம்புகிற நாளில் அறையைப் பூட்டி வைக்கவும் அனுமதிக்கவில்லை. ஆக, யாரையாவது அதில் போட்டாக வேண்டும். யாரை என்பதுதான் கேள்வி. பதினெட்டு வருட வரவேற்பு மேசை அனுபவத்தில் அவர் கண்டுபிடித்த பதில், பேனா மூடி. மூடியைத் திருப்பிப் போடுகிறவன் ராத்திரி முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்டாலும் காலையில் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டுப் போவான். பேனாவை எறிகிறவனுக்கு ஐந்தாம் தளத்து மூலை அறை. இரண்டு பக்கமும் ஜன்னல், குழாயைத் திறப்பதற்கு முன்னால் தண்ணீர் கொதிக்கும். இதில் அநியாயம் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. யாருக்கும் மனக்கசப்பு வராத ஏற்பாடு என்றே நினைத்திருந்தார்.

அவரும் அந்த இனம்தான். சாப்பாட்டுக் கடையில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றால் வந்ததைச் சாப்பிடுவார். ஆடுகிற நாற்காலி எப்போதும் அவருக்கே வாய்க்கும். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

"கேட்டா என்ன, கடிச்சா முழுங்கிடுவாங்க?"

"விடும்மா. பாவம், மறந்திருப்பான்."

"அவன் பாவம், இவன் பாவம். குட்டக் குட்டக் குனியறவனை ஊர்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா குனியறீங்க?"

அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். மாதாந்திரக் கூட்டத்தில் மேலாளர், "இருநூத்திப் பதினாலுல இந்த வருஷம் ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரலையே, குழாயைச் சரி பண்ணிட்டாங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். இவர் எழுந்து நின்று, காது சிவக்க, பேனா மூடி விஷயத்தைச் சொன்னார். செய்தும் காட்டினார். மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். பேனாவை வாங்கித் தானும் ஒருமுறை திறந்து வைத்துப் பார்த்தார். "சார், இது பெரிய சைகாலஜி சார்!" என்று இவரையே சார் போட்டுக் கூப்பிட்டார். கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் பெயர் மூடியண்ணன்.

அந்தக் காலாண்டில் கிளையின் மதிப்பெண் எட்டுக்கும் எட்டே காலுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தது. விருந்தினர்கள் பத்துக்கு இத்தனை என்று போடுகிற மதிப்பெண்களின் சராசரி அது. எட்டுக்குக் கீழே போகும் கிளையிலிருந்து வரவேற்பு மேசை ஆள் ஒருவரைப் பெயர்த்து, ரயிலில் பதினாறு மணி நேரத் தூரத்தில் இருக்கும் புதுக் கிளைக்கு அனுப்புவதாகத் தலைமை அலுவலகம் அறிவித்திருந்தது. அங்கே போன ஆட்கள் நிலைப்பதில்லை. மூடியண்ணன் முன்பு ஒருமுறை வேறொரு தூரக் கிளைக்கு இரண்டு வருடம் போய் வந்தவர். திரும்பி வந்த அன்று அவருடைய மகள் யாரோ வந்திருக்கிறார் என்று திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இப்போது அவளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். மனைவியின் வேலை இந்த ஊரோடு கட்டிய வேலை. இன்னொரு முறை திரைச்சீலையை எதிர்கொள்ள அவரால் முடியாது.

காலாண்டின் கடைசிச் சனிக்கிழமை தரை ஓடு வியாபாரிகளின் மாநாடு. மாலை ஐந்துக்குள் விடுதி நிரம்பிவிட்டது. மிச்சம் இரண்டே அறைகள்: ஐந்தாம் தள மூலை, அப்புறம் இருநூற்றுப் பதினாலு. விருந்தினர்களும் இரண்டே பேர், ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். முன்னால் ஒரு தடித்த வியாபாரி. பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க, ஒல்லியான ஓர் அம்மாள்.

"எவ்வளவு நேரம்யா நிக்கிறது? இது ஹோட்டலா, ஆஸ்பத்திரியா?" என்றார் வியாபாரி. கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் பேனாவை விட்டெறிந்தார். அது தரையில் உருண்டது.

அந்த அம்மாள் குனிந்து எடுத்தார். தன் படிவத்தை இரண்டு முறை படித்து, கையெழுத்துப் போட்டு, மூடியைத் தேடி, 'டக்'. "நல்ல பேனா தம்பி. பத்திரமா வச்சுக்கோங்க" என்றார்.

பக்கத்து மேசைப் பெண் மெதுவாக, "அண்ணே, உங்க கேஸ் வந்திருக்கு" என்றாள்.

மூடியண்ணன் சற்றும் யோசிக்கவில்லை. வியாபாரிக்கு மூலை அறை. அம்மாளுக்கு இருநூற்றுப் பதினாலு.

மறுநாள் காலை அந்த அம்மாள் சிவந்த கண்களோடு இறங்கி வந்தார். "தங்கியது வசதியாக இருந்ததா?" என்று விடுதி எழுதிக் கொடுத்த வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் கேட்டார் மூடியண்ணன். "ம்... இருந்தது தம்பி" என்று சாவியைக் கொடுத்தார். வெளியேறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மீண்டும் மூடியைப் போட்டார். மூடியண்ணன் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

மத்தியானம் இணையத்தில் அந்த மதிப்புரை வந்தது. பத்துக்கு ஒன்று. குறைகள் பதினேழு, வரிசை எண்ணோடு. எட்டு மணி நாற்பது நிமிடத்திலிருந்து சுவர் எத்தனை முறை தட்டியது, வெந்நீருக்கு எத்தனை நிமிடம் காத்திருந்தார், கதவை எந்தக் காலால் எவ்வளவு உயரம் தூக்க வேண்டும், படகு ஓவியத்தில் பாய்மரத் துணியும் கொடியும் எதிரெதிர்த் திசையில் பறப்பது உட்பட. ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. கடைசி வரியில், முப்பது ஆண்டுகளாகப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது தன் தொழில் என்றும், ஆகவே கண்ணில் பட்டதை விட்டுவிட முடியவில்லை என்றும் பணிவோடு குறிப்பிட்டிருந்தார். நாள் முழுக்கப் பேனாவோடு பிழைக்கிறவர் மூடியைத் திருப்பிப் போடாமல் இருப்பாரா? மை காய்ந்துவிடாதா? இருபது பேரில் ஒருவரின் பொறுமையைக் கணக்குப் போட்ட மூடியண்ணன், தொழிலைக் கணக்கில் எடுக்க மறந்திருந்தார்.

அந்த மதிப்புரையைப் படித்தவர்களில், ஏற்கெனவே இருநூற்றுப் பதினாலில் தங்கி வாய்மூடிப் போன நான்கு பேருக்குத் திடீரென்று தைரியம் வந்தது. "எனக்கும் அதே அறைதான்" என்று ஆளுக்கு இரண்டும் மூன்றுமாகப் போட்டார்கள். மூலை அறை வியாபாரி மதிப்பெண் எதுவும் போடவில்லை. துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். சராசரி ஏழு புள்ளி ஒன்பதில் நின்றது.

புதன்கிழமை மேலாளர் வரவேற்பு மேசை ஆட்கள் ஆறு பேரையும் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூடியண்ணன் கடைசி. புதுச் சீருடைக்கு அளவு கொடுத்ததாக ஒரு தாள். அதில் கையெழுத்து வேண்டுமாம். பேனா திறந்திருந்தது. மூடி, தாளின் வலது ஓரத்தில் தனியாகக் கிடந்தது. யாரோ அவசரத்தில் வைத்துவிட்டார்கள்போல என்று நினைத்தபடி மூடியண்ணன் கையெழுத்துப் போட்டார், மூடியை எடுத்து அழுத்தினார், பேனாவைத் தாளுக்கு இணையாகப் படுக்கவைத்தார்.

"தேங்க்ஸ் சார்" என்றார்.

"தேங்க்ஸ் நான்தான் சொல்லணும்" என்றார் மேலாளர். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. பதினாறு மணி நேரத் தூரம். திங்கட்கிழமை பணியில் சேர வேண்டும்.

"போய்க் கேளுங்க" என்றாள் மனைவி. "ஏன் நான்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. வாயுள்ள பிள்ளைதாங்க பிழைக்கும்."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா கேக்க மாட்டாரும்மா" என்றாள். அது கோபமா, தீர்ப்பா என்று அவருக்குப் புரியவில்லை. அதற்காகவே சனிக்கிழமை காலை மேலாளர் அறைக்குப் போனார். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தார்.

"சார், அது வந்து, பொண்ணுக்குக் கடைசி வருஷம்..."

"தெரியும் சார். அங்க ஆளுங்க சண்டை போட்டுட்டு ஓடறாங்க. உங்களை மாதிரிப் பக்குவமான ஆள் வேணும்னு மேல கேக்கறாங்க. உங்களை விட்டா யார் இருக்கா?"

அடுக்கி வைத்த வார்த்தைகளில் முதல் வரிசையே சரிந்தது. "சரிங்க சார்" என்றார். வெளியே வரும்போது ஓசைப்படாமல் கதவைச் சாத்தினார்.

புதுக் கிளையிலும் அதே திரைச்சீலை, அதே படகு. நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பழைய கிளையின் பக்கத்து மேசைப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். தனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதைச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அண்ணே, அன்னிக்கு யூனிஃபார்ம் தாள்ல கையெழுத்துப் போட்டீங்களே, யூனிஃபார்ம் வந்துதா?"

"இல்லையே. உங்களுக்கு?"

"யாருக்கும் வரலைண்ணே. முதல்ல போனது நான்தான். பேனா திறந்திருக்கறதைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு, மூடியைத் தொடாம வந்துட்டேன். வெளிய நின்ன நாலு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்ட மட்டும் சொல்லலை. நீங்க கண்டுபிடிச்சதுதானே, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சோம்."