லாரி போனது, கல் கிடந்தது

என் கணவர் வாழைத்தார் ஏற்றும் மினி லாரி ஓட்டுபவர். சென்ற ஆடி மாதம் பரமத்தி வேலூரிலிருந்து பைக்கில் வரும்போது, சாலையில் கிடந்த கற்களில் ஏறி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. பழுதாகி நின்ற ஏதோ ஒரு லாரியைச் சுற்றி அடையாளத்துக்கு வைத்த கற்கள். லாரி சரியாகிப் போய்விட்டது. கற்களை யாரும் எடுக்கவில்லை.

இழப்பீடு கேட்க வக்கீலிடம் போனோம். "எந்த வண்டின்னு தெரிஞ்சாத்தானுங்க கேஸ் போட முடியும். கல்லுக்கு ஏதுங்க இன்சூரன்ஸ்?" என்றார்.

வரும் வழியெல்லாம் அந்த லாரிக்காரனைத் திட்டினேன். இவர் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு, "வையாத புள்ள. வண்டி கெளம்புனாப் போதும்னு நானும் எத்தன எடத்துல அப்படியே உட்டுட்டு வந்திருக்கேனோ" என்றார்.

இப்போது ஸ்கூட்டர் ஓட்டுவது நான்தான். கல்லைக் கண்டால் நிறுத்தி, இறங்கி ஓரத்தில் எடுத்துப் போடுகிறேன். பின்சீட்டில் இருக்கும் இவர் அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறார்.