மாட்டாமல் விட்ட பெல்ட்

அந்தமான் போய்விட்டு வந்தோம் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "கடலு, போட்டுனு பயமில்லாம இருந்துச்சா?" என்பதுதான். என் கணவர் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "எல்லாம் சேஃப்டிதாங்க. லைஃப் ஜாக்கெட் போடாம தண்ணிப் பக்கமே விட மாட்டான்." அதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அவருக்குக் கீரனூரில் சிமெண்ட் கடை. நிறைய விற்றுக் கொடுக்கிற கடைக்காரர்களைக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் எங்காவது டூர் கூட்டிப்போவார்கள். இந்த முறை குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். திருச்சிக்குப் பஸ்ஸில் காலேஜ் போய்வருகிற எங்கள் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் இலுப்பூரில் ஒரு வீட்டில் அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். டூருக்கு வருகிற கடைக்காரர்களில் இரண்டு பேர் அந்த வீட்டுக்குச் சொந்தம். ஆகவே எங்கள் வீட்டில் கடலைப் பார்த்துப் பயந்ததைவிட அந்த இரண்டு பேரைப் பார்த்துப் பயந்ததுதான் அதிகம். சுடிதாரைத் தவிர வேறு எதுவும் போடக்கூடாது, ஷாலை இரண்டு தோளிலும் பின் குத்த வேண்டும், சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது. இதுதான் எங்கள் பாதுகாப்பு ஏற்பாடு. போதாததற்கு நாத்தனார் வந்து மகள் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனாள்.

கடல் எங்களுக்குப் புதிதும் இல்லை. அமாவாசைக்கு மணமேல்குடிப் பக்கம் போய் முங்கிவிட்டு வருகிறவர்கள்தான். அங்கே எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்ட யோசிக்கும். கடல் என்றால் எல்லா ஊரிலும் அவ்வளவுதான் என்று இவர் மனசில் நினைப்பு.

அந்தமானில் எங்களைக் கூட்டிப்போன ஒரு தீவில் வாழைப்பழம் மாதிரி நீளமான ரப்பர் படகு ஒன்று. அதில் ஆட்களை வரிசையாக உட்கார வைத்து மோட்டார் படகில் கட்டி இழுத்துப்போவார்கள். கடைசியில் வேண்டுமென்றே கவிழ்த்துவிடுவார்கள். விழுகிறதுதான் வேடிக்கை. மகள் ஏறியே தீருவேன் என்று நின்றாள். இலுப்பூர் வீட்டுச் சொந்தக்காரர்கள் இரண்டு பேரின் பிள்ளைகளும் ஏறியதால் இவரும் சரி என்றுவிட்டார்.

ஜாக்கெட் மாட்டிவிட ஒரு ஆள் வந்தான். முப்பது வயசு இருக்கும், தமிழ் அரைகுறை. முன்பக்கக் கொக்கிகளை இறுக்கிவிட்டு, கீழே தொங்கிய பெல்ட்டை எடுத்தான். அதைக் கால்களுக்கு நடுவே கொண்டுவந்து முன்னால் மாட்ட வேண்டும். அவன் குனிந்ததுதான் தாமதம், இவர் குறுக்கே பாய்ந்தார்.

"ஏய், அங்கிட்டுப் போப்பா. பொம்பளப்புள்ள. நாங்க பாத்துக்கிறோம்."

"சார், இது மாட்டணும் சார். இல்லனா மேல வந்துரும்."

"அதான் பாத்துக்கிறோம்னு சொல்றேன்ல."

அவன் ஒதுங்கினான். சரி, நாமே மாட்டுவோம் என்று நான் குனிந்தேன். டாப்ஸைத் தூக்கினால்தான் பெல்ட் போகும். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பத்துப் பேரு பாக்குறாங்க, எந்திரி" என்றார். பெல்ட் பின்னால் வால் மாதிரித் தொங்க, என் மகள் ஏறிப் போனாள்.

படகு கவிழ்ந்தது. எல்லோரும் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும் ஆள் இல்லாமல் மிதந்தது. மிதக்கிற ஜாக்கெட் மேலே ஏற, கையைத் தூக்கிய பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போயிருக்கிறாள். நான் கரையில் நின்று என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

ஜாக்கெட் மாட்டிவிட வந்த அதே ஆள்தான் மோட்டார் படகிலிருந்து குதித்தான். முங்கினான், வெறுங்கையோடு வந்தான், மறுபடி முங்கினான். இரண்டாம் தடவை அவளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். ஷாலைக் காணோம். டாப்ஸ் மார்பு வரை சுருண்டிருந்தது. மணலில் ஒருக்களித்துப் போட்டு அவன் முதுகில் தட்டத் தட்ட, அவள் தண்ணீரைக் கக்கினாள். அப்புறம் இருமினாள். அப்புறம்தான் அழுதாள். என் உயிர் அந்த அழுகையில்தான் திரும்பி வந்தது.

இவர் ஓடி வந்தார். துண்டை அவள் மேல் போட்டார். அந்த ஆளைப் பார்த்து, "போதும், கைய எடுப்பா" என்றார். பிறகு சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பி, "யாரும் வீடியோ எடுக்கலீங்களே?" என்று கேட்டார். அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். எதற்காக நடுங்கியது என்று நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லக் கிளம்பினேன். "பேச்ச வளக்காத" என்று தடுத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் மேஜை மேஜையாகப் போய், "நம்ம பொண்ணு தானா நீந்தி வந்துருச்சு, அவன் சும்மா கை கொடுத்தான்" என்று சிரித்தார். பார்த்தவர்களிடமே சொன்னார். அவர்களும் நாகரிகமாகத் தலையாட்டினார்கள். ஊருக்கு வந்தபோது அந்தக் கதையும் மாறிவிட்டது. அவளுக்கு அங்கே காய்ச்சல், தண்ணீரிலேயே இறங்கவில்லை. அவள் வாயாலேயே அத்தையிடம் அப்படிச் சொல்ல வைத்தார்.

அந்த இரண்டு பேரும் காட்டிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது, சம்பந்தம் கூடிவந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். போன வாரம் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அம்மா, அந்த ஆளு என்னயத் தொடாம விட்டுருந்தா அப்பாவுக்குப் பரவாயில்லையா இருந்துருக்குமா?"

"வாயக் கழுவுடி. அப்பனுக்கு அப்புடித் தோணுமா?"

"அப்ப நீயே அப்பாட்ட கேட்டுட்டு வந்து சொல்லு."

நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால், "என்ன பைத்தியக்காரக் கேள்வி" என்றுதான் சொல்வார், அது எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்துவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.